கடைசி ரயில் 23:50, விமானம் 22:40: நகர மையம் போய்ச் சேர முடியுமா?

கேள்வி:
வெளிநாட்டுப் பயணம். டிக்கெட்டில் வருகை நேரம் 22:40. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்குக் கடைசி ரயில் 23:50. செக்-இன் பெட்டி ஒன்று உண்டு, இமிக்ரேஷனும் உண்டு. மேப் செயலி 45 நிமிடத்தில் போய்விடலாம் என்கிறது. இந்த 70 நிமிட இடைவெளி போதுமா? தவறினால் என்ன செய்வது?

பதில் 1:
அந்த ரயிலை நம்பாதீங்க. செயலி சொல்லும் 45 நிமிடம், ரயில் நிலைய வாசலில் நிற்கிறவங்களுக்கான கணக்கு.

டிக்கெட்டில் உள்ள 22:40 சக்கரம் தரையைத் தொடும் நேரம் இல்லை, விமானம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். அங்கிருந்து எண்ணுங்க. கதவு திறந்து, பின்வரிசையில் இருக்கிறவங்க இறங்க 15 நிமிடம். இமிக்ரேஷன் கூடம் வரை நடக்க 10. வரிசை 30 முதல் 45. இந்த நேரத்துக்குள்ளேயே பெட்டி பெரும்பாலும் பெல்ட்டுக்கு வந்துடும், அதனால் அதைத் தனியா கூட்ட வேண்டாம். ரயில் நிலையத்துக்கு 10, டிக்கெட் மெஷினுக்கு 5. எல்லாம் நல்லபடியா நடந்தாலே சரியா 70 நிமிடம். விமானம் 10 நிமிடம் தாமதமானாலும் போச்சு.

பெட்டியைக் கைப்பையா சுருக்கினா பெல்ட் தாமதமாகுமோங்கிற கவலை இல்லை. முன்வரிசை இருக்கை எடுத்தா இறங்குவதில் 10 நிமிடம் மிச்சம், இமிக்ரேஷனிலும் கூட்டத்துக்கு முன்னாடி நிற்கலாம். டிக்கெட்டை முன்கூட்டியே போனில் வாங்கிடுங்க.

பதில் 2:
எந்த டெர்மினல்னு பாருங்க, இதைப் பலரும் விட்டுடுறாங்க. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் டெர்மினல் 4க்கு மெட்ரோ நிலையம் கிடையாது, ஷட்டில் பஸ்ஸில் வேறு டெர்மினலுக்குப் போகணும். பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் டெர்மினல் 1ல் இறங்கினா, டெர்மினல்களுக்கு இடையே ஓடும் இலவச வண்டியில் ரயில் நிலையத்துக்குப் போகணும். இதுக்கெல்லாம் இன்னொரு 15 நிமிடம் சேர்த்துக்குங்க.

டிக்கெட்டிலும் கவனம். பாரிஸில் சாதாரண மெட்ரோ டிக்கெட் விமான நிலைய ரயிலுக்குச் செல்லாது, தனி டிக்கெட் வாங்கணும். லண்டனில் வங்கி அட்டையையே தட்டலாம். ஆனா உள்ளே போனில் தட்டி, வெளியே அதே அட்டையை எடுத்துத் தட்டினா இரண்டும் வேறு வேறு கணக்கு. இரண்டுமே முடியாத பயணம்னு பதிவாகி, அதிகபட்சக் கட்டணம் இரண்டு முறை பிடிப்பாங்க.

கேட்டவர்:
நன்றி. நான் இறங்குவது சனிக்கிழமை இரவு. செயலியில் அதே சனிக்கிழமைக்கு 00:20 மணி ரயில் ஒன்றும் தெரிகிறது. அது கிடைக்குமா?

பதில் 1:
சனி இரவு இறங்குறீங்கன்னா அந்த 00:20 உங்களுக்கு முந்தின இரவே போயிருக்கும். செயலியில் நள்ளிரவு தாண்டினா ஞாயிறு தேதியைத் தேர்ந்தெடுக்கணும். அச்சிட்ட அட்டவணையிலோ நேர்மாறு: பெரும்பாலும் சனிக்கிழமைப் பத்தியின் கடைசியில்தான் இருக்கும், ஏன்னா ரயில்வேக்கு அது சனிக்கிழமைச் சேவையின் தொடர்ச்சி. அட்டவணைத் தரவுக் கோப்புகளில் இதையே 24:20னு எழுதுவாங்க.

பதில் 3:
ரயில் கிடைச்சாலும், நகர மையத்தில் இறங்கின பிறகு மாற வேண்டிய மெட்ரோ அதுக்குள்ள மூடியிருக்கலாம். அதனால் கடைசி ரயிலுக்கு முந்தின வண்டியை வெச்சுத்தான் திட்டம் போடணும். அதுவும் ஒத்துவரலைன்னா இரவுப் பஸ்.

இரவுப் பஸ்ஸுக்குத் தடம் எண், நிறுத்தம் எந்தத் தளத்தில் இருக்கு, இரண்டு பஸ்ஸுக்கு இடையே எவ்வளவு நேரம், இந்த மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. இறங்கினதும் இணையம் கிடைக்கும்னு உறுதி இல்லை. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகும் லண்டன் பிக்காடில்லி மெட்ரோ பாதையில் வெள்ளி, சனி இரவுகளில் ரயில் விடிய விடிய ஓடும், ஆனா ஹீத்ரோ டெர்மினல் 4க்கு வராது.

இன்னொண்ணு: தண்டவாளப் பராமரிப்பு வேலையைப் பெரும்பாலும் இரவிலும் வார இறுதியிலும்தான் வைப்பாங்க. புறப்படும் அன்னிக்குக் காலையில் ரயில் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பாருங்க. மாற்றுப் பஸ் விட்டா அது வழக்கமான நிலைய வாசலில் நிற்காமலும் போகலாம்.