அப்பாவுக்கு டிஸ்க் பல்ஜ்: ஆராய்ச்சி செய்யும் டாக்டரிடம் போகலாமா?

ஈரோட்டு மகள்
அப்பாவுக்கு 56 வயது. லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு வலி பல வருஷமாக உண்டு, இப்போது இடது தொடையில் ஆரம்பித்துப் பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. இங்கே ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற வட்டு பிதுங்குவது), தேய்மானம், நரம்பு அழுத்தம் என்று ரிப்போர்ட் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. டாக்டர் படத்தைப் பார்த்ததும் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றார், அப்பாவின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அப்பா குனிந்து செருப்பு மாட்டவே பயப்படுகிறார். சித்தப்பா கோவை கங்கா மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். அம்மாவோ, "அங்கே ஆராய்ச்சியெல்லாம் பண்ணுவாங்களாமே, நம்மாளை வச்சுப் பரிசோதனை பண்ணிட்டா?" என்று கலங்குகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை பிசியோ
சகோதரி, உங்கள் அப்பாவின் பயத்தைப் பற்றியே அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கங்காவில் முதுகுத்தண்டுப் பிரிவை நடத்தும் டாக்டர் எஸ். ராஜசேகரனின் குழு 2021-இல் வெளியிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 44 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இருப்பதை வரிக்கு வரி விளக்கினார்கள், இன்னொரு குழுவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வயதுக்கு ஏற்ற மாற்றம்தான் என்று தைரியம் சொன்னார்கள். வைத்தியம் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ரிப்போர்ட்டை முழுசாகக் கேட்டவர்களுக்கு வலி அவ்வளவாகக் குறையவில்லை, பயமும் கூடியிருந்தது. ரிப்போர்ட் எழுதப்படும் விதம் டாக்டர்களையே ஆபரேஷன் பக்கம் தள்ளுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களில்கூட நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பல்ஜ் தெரியும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த வேறொரு ஆய்வு சொல்கிறது. அதனால் ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள்.

நல்ல ஸ்பைன் சர்ஜன் முதலில் காலைத்தான் பார்ப்பார். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். கால் கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு "மேலே தூக்குங்க" என்பார், குதிகாலில் நடக்க வைப்பார், நுனிக்காலில் நடக்க வைப்பார். எந்த நரம்பு மாட்டியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும், படம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதற்கப்புறம். காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே தணிகிறது.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வார்டு சிஸ்டர்
அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். யாரையும் கேட்காமல் பரிசோதனைக்கு உட்படுத்த முடியாது. ஆய்வு நோயாளிக்குப் பாதுகாப்பானதா, நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும், மருந்தையோ சிகிச்சையையோ சோதித்துப் பார்க்கும் ஆய்வென்றால் அரசின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் வழக்கமான வைத்தியம் அப்படியே நடக்கும்.

இன்னொன்று, ஆராய்ச்சி என்றாலே புது மருந்தைப் போட்டுப் பார்ப்பது இல்லை. முதுகுத்தண்டு டிபி வந்த குழந்தைகளை அந்த ராஜசேகரன் டாக்டர் 15 வருஷம் தொடர்ந்து கவனித்து 2001-இல் எழுதினார். மாத்திரையில் டிபி ஆறிய பிறகும் சில பிள்ளைகளுக்கு வளர வளரக் கூன் அதிகமாகிக்கொண்டே போனது. யாருக்கு அப்படி ஆகும் என்று ஆரம்பத்திலேயே எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்க நான்கு அடையாளங்களைச் சொன்னார். குணமாயிற்று என்று அனுப்பியதோடு விட்டிருந்தால் அது தெரிந்திருக்குமா? அந்தப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கோவைவாசி
எல்லாம் சரி, ஆனால் பெரிய பேர் இருக்கும் இடத்தில் கூட்டமும் பெரிசு. பெரிய டாக்டரே பார்ப்பார் என்று நினைத்துப் போகாதீர்கள், அவர் குழுவில் ஒருவர்தான் முதலில் பார்ப்பார். அது குறையில்லை, நிதானமாகப் பார்த்தால் போதும். சாதாரண பல்ஜுக்குக் கோவைதான் வர வேண்டும் என்றும் இல்லை, ஈரோட்டிலேயே வேறொரு ஸ்பைன் டாக்டரிடம் இன்னொரு கருத்துக் கேட்கலாம். "ஆபரேஷன் பண்ணாவிட்டால் என்ன ஆகும், எத்தனை வாரம் பொறுக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் காட்டுங்கள்.

ஈரோட்டு மகள்
எல்லோருக்கும் நன்றி. பிசியோ அண்ணா சொன்ன மாதிரி அப்பாவைக் குதிகாலில் நடக்கச் சொன்னேன், இரண்டு காலிலும் நடக்கிறார், கட்டைவிரலிலும் பலம் இருக்கிறது. மரத்துப்போவதும் இல்லை. அம்மாவிடம் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் சமாதானம் ஆகிவிட்டார். திங்கட்கிழமை இங்கேயே வேறொரு டாக்டரிடம் காட்டுகிறோம். ரிப்போர்ட் மட்டும் போதுமா, எம்.ஆர்.ஐ. சிடியும் வேண்டுமா?

மதுரை பிசியோ
சிடி கட்டாயம் வேண்டும், முதலில் எடுத்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அப்பாவைப் படுக்கையிலேயே கிடத்தாதீர்கள், வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும்.