துறைமுக வாசலில் காத்திருக்கும் நேரம் ஓய்வா, வேலையா?

கேட்டவர்: துவாஸ் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் கடந்து வந்து, இங்கே சிங்கப்பூரில் பிரைம் மூவர் (கண்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் லாரி) ஓட்டுகிறேன். காலை 6 மணிக்கு வண்டியை எடுத்தால் இரவு 8 மணிக்குத்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறேன். இடையில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். துறைமுக வாசலிலும் கண்டெய்னர் டிப்போவிலும் சேர்த்து மூன்று மணி நேரமாவது வரிசையில் நிற்கிறேன். அந்த மூன்று மணி நேரத்தை அலுவலகத்தில் 'ஓய்வு' என்று எழுதி, 14 மணி நேரத்தை 11 ஆக்கிவிடுகிறார்கள்.

நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நண்பரோ, 11 மணி நேரம் வரை ஓட்டலாம் என்கிறார். இவற்றில் எந்த விதி நமக்குப் பொருந்தும் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். என் அடிப்படைச் சம்பளம் மாதம் 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டிரிப் காசு தனி.

பதில் 1: ஜூரோங் கணக்கர்

ஐயா, நீங்கள் கேட்ட இரண்டு எண்களும் மெய்தான், ஆனால் இரண்டும் வேற்றூர் எண்கள். நாலரை மணிக்கு 45 நிமிடம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 11 மணி நேர ஓட்டம் அமெரிக்க விதி; அங்கேயும் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அந்த 11 முடிந்துவிட வேண்டும்.

இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது வேலை நியமனச் சட்டத்தின் 4ஆம் பாகம். லாரி ஓட்டுநர்கள் அதில் உடலுழைப்புத் தொழிலாளர்களாகவே கருதப்படுகிறார்கள். அடிப்படை மாதச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவரை, உள்ளூர்க்காரரானாலும் வெளிநாட்டவரானாலும் அது பொருந்தும். சொந்த வண்டி வைத்துத் தாமே தொழில் செய்பவர்களுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டம் எண்ணுவது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நேரத்தை மட்டுமல்ல, வேலை நேரம் முழுவதையும். பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம். மிகைநேரம் (ஓவர்டைம்) சேர்த்தாலும் நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது (விபத்து போன்ற விதிவிலக்கான சூழல்கள் வேறு). இடைவேளையே இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ச்சியாக நடந்தே தீர வேண்டிய வேலையென்றால் 8 மணி நேரம் வரை போகலாம். அப்போது அதற்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது கொடுத்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாள்.

இனி உங்கள் மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன். ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் காத்திருந்து, தம் நேரத்தையும் நடமாட்டத்தையும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாதிருக்கும் நேரமே வேலை நேரம் என்றும், ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் அனுமதித்த இடைவேளைகள் அதில் சேரா என்றும் சட்டம் வரையறுக்கிறது. வண்டியை விட்டு இறங்க முடியாமல் வரிசையில் நகர்ந்துகொண்டிருப்பதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 14 மணி நேரத்தில் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் பதிமூன்றே கால் மணி நேரம் வருகிறது. அது 12ஐத் தாண்டுகிறது.

பணக் கணக்கையும் பாருங்கள். 2,200ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 11.54 வெள்ளி, மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 17.31 வெள்ளி. அலுவலகம் 3 மணி நேர மிகைநேரம் காட்டுகிறது, உண்மையில் ஐந்தே கால். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 39 வெள்ளி விடுபடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எழுதும் கணக்கே மாதம் 26 நாளைக்கு 78 மணி நேரம் ஆகிறது. மனிதவள அமைச்சிடம் விலக்குப் பெறாத நிறுவனத்துக்கு மாத மிகைநேர வரம்பு 72தான்.

பதில் 2: பழைய டிரெய்லர்

கணக்கர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். காத்திருப்பு எல்லாம் வேலையாகிவிடாது. "உன் முறை இரண்டு மணிக்குத்தான், வண்டியைக் கனரக வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினால், அந்த நேரம் நம்முடையது. வரிசையில் முன்வண்டி பத்தடி நகரும்போதெல்லாம் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, நகர்ந்து, மீண்டும் மிதிப்பது வேறு. ஆகவே தம்பி, இரண்டையும் பிரித்து எழுதி வையுங்கள். வாசலில் தரும் சீட்டில் நேரம் அச்சாகியிருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'அன்று ரொம்ப நேரம் நின்றேன்' என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்புக் குறைவு.

கடற்பாலத்தில் போகும் நேரம் சட்டக் கணக்கில் வராது என்றாலும் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதிகாலை 4 மணிக்கு எழுந்தவர் மாலை 7 மணிக்கு ஆயர் ராஜா விரைவுச்சாலையில் கண் சொக்கி முன்வண்டியை இடித்தால், முதலில் வழக்கில் நிற்பது ஓட்டுநர்தான்.

பதில் 3: கட்டுமானத் தளத்திலிருந்து

தொடர்புள்ள இன்னொன்று. என்னைப் போல் தளத்திலும் வேலை செய்துவிட்டு, மாலையில் ஊழியர்களை லாரியில் ஏற்றிச் செல்பவர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் தனி விதி உண்டு: 6 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், ஓட்டுவதற்கு முன் 30 நிமிட ஓய்வு தரப்பட வேண்டும். கண்டெய்னர் ஓட்டுநர்களுக்கு இது பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

துவாஸ் ஓட்டுநர்

மிக்க நன்றி. இப்போதே கேட்டால் வேலை போய்விடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. பிறகு கேட்டால் காலம் கடந்துவிடுமா?

ஜூரோங் கணக்கர்

வேலையில் இருக்கும்போது, சம்பளம் விடுபட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரலாம். வேலையை விட்டுவிட்டால், கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோர வேண்டும். முதலில் நேரப்பதிவைத் திருத்தச் சொல்லி, குறுஞ்செய்தியாகவே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கும். மாதச் சம்பளச் சீட்டில் மிகைநேர மணி எவ்வளவு என்று போட்டிருக்க வேண்டும், அதையும் எடுத்து வையுங்கள்.

துவாஸ் ஓட்டுநர்

இன்று முதல் குறிப்பு எழுதிவிட்டேன்: டிப்போ வரிசை 10.20 முதல் 11.35 வரை, இறங்கவில்லை, சாப்பாடு 1.10 முதல் 1.55 வரை, வண்டி நிறுத்துமிடத்தில்.