‘கிராமம்’ என்றால் எந்தக் கிராமம்?

கேள்வி (பென்னாகரம்):
இ-சேவை மையம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு பாட்டி மஞ்சப்பையில் பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு வந்தார். பட்டாவில் வருவாய் கிராமத்தின் பெயர். கார்டில் குக்கிராமத்தின் பெயர். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பிவிட்டது. வெயிலில் மறுபடி பஸ் ஏறி வந்திருக்கிறார், மனசு கேட்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? துறைகளின் கணினிகள் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்டுத் தகவல் பெறும் ‘சேவை சார்ந்த கட்டமைப்பு’ வந்தால் இது தீருமா?

பதில் (ஓசூர்):
பாதி தீரும்ணா. தரவு அந்தந்தத் துறையிடமே இருக்கும். கேள்வியும் பதிலும் மட்டும் போய்வரும். எஸ்தோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் வருவாய்த்துறைக்குக் கிராமம் என்றால் புல எண்கள் அடங்கிய எல்லை, ஊரக வளர்ச்சிக்கு ஊராட்சி. ஒரே சொல், இரண்டு பொருள். அதை முதலில் பொருத்தணும்.

பதில் (அரூர், ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர்):
தம்பி, பெயரை வைத்து ஒப்பிடவே கூடாது, குறியீட்டை வைத்துத்தான். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் (Local Government Directory) கிராமத்துக்குத் தனி எண், ஊராட்சிக்குத் தனி எண் உண்டு. அந்த எண் எந்தத் தேதியில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்ற குறிப்பும் வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஊத்தங்கரைப் பழைய பத்திரத்தில் இன்னும் தர்மபுரி மாவட்டம்தானே!

கேட்டவர்:
நன்றிங்க ஐயா. ‘தந்தை / கணவர் பெயர்’ என்று ஒரே கட்டம் இருப்பதும் இதே சிக்கல்தான். பாட்டிக்கு ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயர். நாளைக்கு வி.ஏ.ஓ.விடம் நானே கூட்டிப் போகிறேன்.