நடைதகவா, நடையுகப்பா? 'வோக்கபிலிற்றி'க்கு ஒரு தமிழ்ச்சொல்

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறுநகரத்தின் கடைவீதிப் பகுதி நடந்து திரிவதற்கு எவ்வளவு ஏற்றதாகவும் மனத்துக்கு எவ்வளவு இசைந்ததாகவும் இருக்கிறது என்பதைக் குறிக்க நகரத் திட்டமிடலாளர்கள் வழங்கும் 'வோக்கபிலிற்றி' (walkability) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடைதிறன், நடைவசதி, நடைதகவு என்ற மூன்று சொற்கள் நம் சொல்லாக்கக் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 'நடையுகப்பு' என்பதை நான்காவதாக முன்மொழிகிறேன்.

ஒரு பொருள் கரையும் இயல்பைக் குறிக்கும் கரைதிறன் என்ற சொல்லைப் படித்துப் பழகியவர்களுக்கு நடைதிறன் இயல்பாகவே தோன்றும். ஆனால் கேட்டவுடன் அந்தத் திறன் நடப்பவருடையது என்றே மனம் கொள்கிறது. என் தாயாருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு, அவருடைய நடக்கும் திறன் கூடியிருக்கிறதா என்றுதான் வாரந்தோறும் பார்த்தார்கள். இன்று அவர் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கி, கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளின் நிழலோரமாக, ஒவ்வொரு கடை வாசலிலும் சற்று நின்று, தெரிந்த முகம் கண்டால் இரண்டு வார்த்தை பேசி, யாருடைய துணையுமின்றிப் போய்வருகிறார். அதே தாயாரை நண்பகலில் திறந்த மைதானமான முற்றவெளிப் பக்கமாகப் பொது நூலகத்துக்கு நடந்து போவோம் என்று அழைத்தால், ஓட்டோ பிடிக்கச் சொல்கிறார். கால்கள் அவைதாம், திறனும் அதுதான், வீதிதான் வேறு. நாம் தேடும் சொல் வீதியின் இயல்பைச் சுட்ட வேண்டும்.

நடைவசதி என்பது நடைபாதை, பாதசாரிகள் கடவை, தெருவிளக்கு ஆகியவற்றைக் குறிக்கும். அவை இருந்தும் நடக்க மனம் வராத வீதிகள் உண்டு என்பதால் அதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

நடைதகவுதான் வலுவான போட்டியாளர். தகவு என்பதற்குத் தகுதி, பொருத்தம் என்ற பொருள்கள் உள்ளன, சொல்லும் சுருக்கமானது. எனினும் தமிழில் இன்று பாடசாலைப் பிள்ளைகள் அறிந்த தகவு, நிகழ்தகவு ஒன்றுதான். அந்த வார்ப்பில் பழகிய காதுக்கு நடைதகவு என்றால் ஒருவர் நடப்பதற்கான வாய்ப்பு எத்தனை வீதம் என்ற கணக்குப் போலவே ஒலிக்கும். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஒரு நடை பயனுடையதாக, பாதுகாப்பானதாக, வசதியானதாக, சுவாரசியமானதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் ஜெஃப் ஸ்பெக் நான்கு நிபந்தனைகளைக் கூறுகிறார். தகவு என்ற சொல் முதல் மூன்றையும் ஒருவாறு தாங்கும். நான்காவதை அது தொடவே இல்லை. நடந்தே போகலாம் என்று ஒருவரை நினைக்க வைப்பது பெரும்பாலும் அந்த நான்காவதுதான்.

நம் ஊரில் அது எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கடைகள் வீதியை ஒட்டி, இடையில் வாகனத் தரிப்பிடம் இல்லாமல், குறுகிய முகப்புகளோடு அடுத்தடுத்து நிற்கும்போது பத்து அடிக்கு ஒரு காட்சி மாறுகிறது: புடைவைக்கடை, அடுத்துப் பாத்திரக்கடை, அதற்கப்பால் கச்சான் வறுக்கும் சட்டியின் மணம். நீண்ட வெற்று மதில் ஓரமாக நடப்பவருக்கு அதே தூரம் இரட்டிப்பாகத் தெரிகிறது. கடை விறாந்தை சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் ஒருங்கே தடுக்கிறது. அந்த விறாந்தையை அடைத்துப் பொருள்களை அடுக்கினாலோ, நடைபாதையில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினாலோ, வாய்க்கால் மூடியில் ஒரு பலகை குறைந்தாலோ, முதியவர்கள் அன்றோடு அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

நடப்பவரை உபசரிக்கும் எண்ணம் நமக்குப் புதியதும் அன்று. பருத்தித்துறையின் தெருமூடிமடத்தில் வீதியே கூரையின் கீழாகச் செல்கிறது. இருபுறத்துத் திண்ணைகளும் வழிப்போக்கர் இருந்து இளைப்பாறக் கட்டப்பட்டவை. சுமைதாங்கிக் கல்லும், கூரையும் திண்ணையும் கொண்ட வீட்டு வாயிலான சங்கடப்படலையும் இதே மனத்தின் வெளிப்பாடுகள். இவற்றையெல்லாம் வெறும் 'தகுதி' என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

உகப்பு என்ற பெயர்ச்சொல்லுக்கு விருப்பம், மகிழ்ச்சி என்ற பொருள்கள் உண்டு. அதே வேரில் பிறந்த 'உகந்த' என்பதை நாம் நாள்தோறும் ஏற்றது என்ற பொருளில் வழங்குகிறோம். குடிப்பதற்கு உகந்த நீர் என்று கிணற்றுநீரைப் பற்றிப் பேசாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. ஆகவே ஏற்புடைமையும் ஈர்ப்பும் இந்த ஒரே வேரில் கூடியிருக்கின்றன. உகப்பு பழஞ்சொல், வழக்கில் இல்லை என்ற மறுப்பு எழக்கூடும். உகந்த என்பது அனைவரும் அறிந்த சொல்லாக இருப்பதால், பொருளை ஊகிக்க அகராதி தேவைப்படாது என்பதே என் நம்பிக்கை. விருப்பத்தை எப்படி அளப்பது என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு: நிழல் விழும் நீளம், கடவைகளுக்கு இடையிலான தொலைவு, ஒரு நூறு மீற்றருக்குள் திறந்திருக்கும் கடை வாசல்கள் ஆகியவற்றை எண்ணி நடையுகப்புச் சுட்டெண் ஒன்றை அமைக்கலாம்.

ஆக்கச் சொற்களும் தடையின்றி வருகின்றன: நடையுகப்பான வீதி, நடையுகப்பு ஆய்வு, நடையுகப்பற்ற சந்தி. சைக்கிளோட்டத்துக்கு மிதியுகப்பு என்று அமைத்துப் பார்த்தேன். மிதிவண்டி என்ற சொல் உள்ளதால் அது விளங்குமென்றே நினைக்கிறேன், ஆயினும் அதை வற்புறுத்தவில்லை. நடைபாதையின் குறைந்தபட்ச அகலம் போன்றவற்றை வரையறுக்கும் சட்ட விதிகளில் மட்டும் நடைத்தகுதி என்று தனியாக வழங்குவது நல்லது.

இணக்கம் இருந்தால் சொற்பதிவுக்கு இந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சேர்க்கலாம்: 'விறாந்தைகளை அடைப்பின்றி விட்டு, வீதியோரம் வேம்பு நட்டபின், கடைவீதியின் நடையுகப்பு கூடியது.'

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்