போலிச் செய்தி அட்டையை நம்பும் அப்பாவிடம் என்ன சொல்வது?

கேள்வி (கொருக்குப்பேட்டை)
துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, தேநீர்க் கடையில் நாளிதழை வரி விடாமல் படித்து வந்தவர். இப்போதோ தொலைக்காட்சி ஒன்றின் முத்திரையும், கட்சித் தலைவர் ஒருவரின் படமும், அவர் சொன்னதாக இரண்டு வரிகளும் கொண்ட செய்தி அட்டை கைப்பேசிக்கு வந்தால், உடனே உறவினர் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். சென்ற வாரம் வந்த அட்டை போலி என்று காட்டினேன். "தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் உண்மையைத்தான் சொல்கிறார்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் (திருவொற்றியூர்)
அட்டையில் அச்சாகியிருக்கும் தேதியைக் கொண்டு அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் ஐயப்படலாம். எழுத்துருவும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் இத்தகைய அட்டைகளைச் சரிபார்த்து வெளியிடுகின்றன.

பதில் (எண்ணூர்)
எழுத்துருவைக் காட்டினால் அப்பாவின் கேள்விக்கு விடை கிடைக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறிய எங்கள் வீட்டாரை எழுப்பியது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவுதான். தொலைக்காட்சியில் செய்தி வருவதற்குள் நாங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டோம். அந்த இரவைக் கண்டவர்களிடம் வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் எங்களுக்கு வடக்கே, பழவேற்காட்டில், 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதையும் பரப்பியது இதே வாட்ஸ்அப்தான். எங்களுக்கு வந்த பதிவில் பேசியவர் எங்கள் தெருக்காரர். அவர் குரலை நாங்கள் அறிவோம். அந்த வதந்தியைச் சொன்னவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

பதில் (வியாசர்பாடி)
அப்பாவின் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. இங்கே கட்சி சார்ந்த தொலைக்காட்சிகள் பல உண்டு. அது ஊரறிந்த செய்தி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் பரவியபோது, பாட்னாவிலேயே நடித்து எடுத்த காணொளி ஒன்றைப் பீகார் காவல்துறை கண்டறிந்தது. அதே பொய்க்காக வடநாட்டு நாளிதழ் ஒன்றின் மீதும் இங்கே வழக்குப் பதிவானது. எனவே அச்சில் வந்தது என்பதே சான்றாகாது. எங்கள் பகுதிப் படிப்பகத்தில் பெரியவர்கள் எதிரெதிர்க் கட்சிகளின் ஏடுகளை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, இரண்டிலும் ஒத்துவருவதை முதலில் ஏற்று, மற்றதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் புதிதாக இருக்காது.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பழவேற்காட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். 2018இல் நடந்ததை அப்பா அவர் வாயால் கேட்கட்டும்.