எல்ஜிபி-30 கணினி: பல வருடம் கிடங்கில் கிடந்தது, கரண்ட் கொடுக்கலாமா?

வால்வுப்பித்தன்: வணக்கம். அமெரிக்காவில் நான் ஓய்வு நேரத்தில் உதவிக்குப் போகும் சிறிய காட்சியகத்துக்கு ஒரு எல்ஜிபி-30 வந்திருக்கிறது. 1956-இல் வந்த மாடல். மேசை அளவுதான், 113 வால்வு (வெற்றிடக் குழாய்), 1,450 டயோடு. 1980-களிலிருந்து கிடங்கில் கிடந்ததாம். வால்வு எதுவும் உடையவில்லை. பவர் சப்ளையில் இரண்டு கண்டென்சரின் அடியில் மட்டும் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கைவசம் உண்டு. மெதுவாக ஏற்றிப் பார்க்கலாமா?

ரேடியோ பெரியவர்: வேண்டாம் தம்பி, பிளக்கைத் தொடாதீர்கள். கசிந்த இரண்டும் போனதுதான், மாற்றிவிடுங்கள். மற்ற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களைக் கழற்றி, தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு, தனி டிசி சப்ளையில் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றுங்கள். கசிவு கரண்ட் படிப்படியாக இறங்கினால் பிழைத்தது. இறங்காமல் சூடேறினால் குப்பைக்கு.

பழைய இரும்பு: பெரியவர் சொல்வது சரி, ஆனால் அதற்கும் முன்னால் டிரம், அதாவது நினைவகமாக இருக்கும் சுழலும் காந்த உருளை. எல்லாரும் வால்வுக்குத்தான் பயப்படுகிறார்கள். வால்வு காசு கொடுத்தால் இன்றும் கிடைக்கும், டிரம்முக்கு எங்கே போவது? 4,096 சொல் (கணினி மொத்தமாகக் கையாளும் எண்) நினைவகம், ரெஜிஸ்டர்கள் (கணக்குப் போடும்போது எண்ணை வைக்கும் இடங்கள்), டைமிங் தடங்கள் (கணினிக்குத் தாளம் கொடுப்பவை) எல்லாம் அதன் காந்தப் பூச்சில்தான். படித்து எழுதும் ஹெட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே தலைமுடி நுழையாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள்.

வால்வுப்பித்தன்: சுற்றினேன் அண்ணா. சுற்றுகிறது, ஆனால் கரகரவென்று சத்தம்.

பழைய இரும்பு: உடனே நிறுத்துங்கள். சத்தம் ஒரே இடத்திலா, சுற்று முழுக்கவா? ஒரே இடத்தில் என்றால் ஹெட் உரசுகிறதோ என்று சந்தேகப்படணும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் பூச்சில் பளபளவென்று கோடு தெரியும்.

வால்வுப்பித்தன்: கோடு எதுவும் இல்லை. சத்தம் முழுக்க வருகிறது.

பழைய இரும்பு: அப்படியானால் பெரும்பாலும் பேரிங்தான், கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும். ஸ்பிரே அடித்துவிடாதீர்கள், பூச்சில் தெறித்தால் போச்சு. பேரிங்கைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். ஹெட்டை அசைக்கும் முன் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ பெரியவர்: அதெல்லாம் முடிந்தபின் டிசி ஃபியூஸ்களை எடுத்துவிட்டு வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட் மட்டும் ஏற்றுங்கள், எது எரியவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் டிசி. முன் பலகையின் சின்ன ஆசிலாஸ்கோப் திரையில் மூன்று ரெஜிஸ்டரும் அசையாமல் நின்றால் டைமிங் தடம் உயிரோடு இருக்கிறது. ஆடினால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.