நாலு மணிக்கு மேல் கதிரை என்ன செய்வது?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

செவ்வாய், மாலை 5.10

கவிதா: எல்லோருக்கும் வணக்கம், ஒரு யோசனை வேண்டும். கதிர் நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வருகிறான், ஷூவைக் கழற்றியதும் முதல் வார்த்தையே "அம்மா, போர் அடிக்குது"தான். எனக்கு ஆறரை வரைக்கும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. நடுவில் எழுந்து ஒரு டம்ளர் பால் கொடுப்பேன், அதற்கு மேல் நகர முடியாது. அத்தைக்கு முழங்கால் வலி, அவன் பின்னால் ஓட முடியாது. கடைசியில் போன்தான் அவன் கைக்குப் போகிறது, திரும்ப வாங்கினால் அழுகை, கோபம். நாலாம் வகுப்புதான் படிக்கிறான், இப்போதே இப்படி. விளையாட்டுச் சாமான் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, எதையும் பத்து நிமிஷத்துக்கு மேல் தொடுவதில்லை.

பெங்களூரு தம்பி: அக்கா, ஆன்லைனில் கோடிங் வகுப்பு நிறைய இருக்கிறது, ஒன்றில் சேர்த்துவிடு. நேரமும் போகும், பிற்காலத்துக்கும் ஆகும்.

கோவை அக்கா: வேண்டாம்டா. காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளையை மறுபடி ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைப்பதா? கவி, முதலில் அவனுக்குப் பசியா என்று பார். என் பெரியவன் இந்த வயதில் டிபன் பாக்ஸில் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவருவான், பசியைச் சொல்லத் தெரியாமல் போர் அடிக்கிறது என்று சிணுங்குவான். வந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் சுண்டல். ஹோம்வொர்க் என்ன, மிஸ் என்ன சொன்னார் என்று அப்போது எதுவும் கேட்காதே. சாப்பிட்டதும் கீழே அனுப்பு, ஓடட்டும். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

கவிதா: எங்கே அனுப்புவது அக்கா? தெருவில் வண்டி. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம்தான், தனியாக விட எனக்குப் பயம்.

கோவை அக்கா: மாடி வேண்டவே வேண்டாம். கார் நிறுத்துகிற இடம் சாயங்காலம் வரை காலியாகத்தானே கிடக்கும்? வாட்ச்மேன் அங்கேயே இருக்கிறார். எதிர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னாயே, அவர்களையும் கூப்பிடு. ஒரு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு பம்பரம் சாட்டையோடு, போதும். பம்பரம் விடத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் போகும்.

பாளை பெரியப்பா: கவிதா, அவனுக்குப் புதிதாக எந்தச் சாமானும் வாங்காதே. விடை தெரியாத ஒரு சங்கதியைக் கையில் கொடு. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் சொல்கிறேன், சுறுசுறுப்பான பையன்களுக்கு இது பிடித்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வை. துணி துவைக்கிற கட்டி சோப்பைக் கரைத்து, அதைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு அந்தத் தாளில் அவன் பெயரை எழுதச் சொல். எழுத எழுத எழுத்து சிவப்பாக வரும். கட்டி சோப்புதான் வேண்டும், ஷாம்பூவில் பல சமயம் நிறம் வராது. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகும். காரணத்தை நீ சொல்லிவிடாதே. எனக்கு போன் போட்டு அவனே கேட்கட்டும்.

கவிதா: சரி பெரியப்பா, நாளைக்கே செய்து பார்க்கிறோம்.

புதன், மாலை 5.45

அப்பத்தா: கவிதா மீட்டிங்கில் இருக்கிறாள், நான் எழுதுகிறேன். சுண்டல் சாப்பிட்டான், கீழே போய் ஸ்கிப்பிங் ஆடிவிட்டு வந்தான், வந்ததிலிருந்து அடுப்படியில்தான் இருக்கிறான். பெயர் எழுதி முடிந்தது. இப்போது வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறான். புளித்தண்ணீர், மோர், ஆப்பசோடா, டூத் பேஸ்ட். எது மாறுகிறது எது மாறவில்லை என்று நோட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுகிறான், யாரும் சொல்லவில்லை, அவனாகவே. ஆப்பசோடாவுக்கு லேசான சிவப்பு. என் வெற்றிலைச் சுண்ணாம்பைத் துளி கரைத்துக் கொடுத்தேன், ரத்தச் சிவப்பு. பார்த்துவிட்டு, "அப்பத்தா, இது நீ ஆரத்தி கரைக்கிற தண்ணி மாதிரியே இருக்கு" என்கிறான். ஆமாம் தங்கம், அதுவும் மஞ்சளும் சுண்ணாம்பும்தான் என்று சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷமாக வாசலில் ஆரத்தி எடுக்கிறேன், எனக்கே இன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது.

பாளை பெரியப்பா: சம்பந்தியம்மா, அருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். இதை நானே வகுப்பில் இவ்வளவு அழகாகத் தொடங்கியதில்லை. சுண்ணாம்பு மட்டும் நீங்களே கரைத்துக் கொடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

அப்பத்தா: அவன் கையில் கொடுக்கவில்லை, குச்சியால் தொட மட்டும்தான் விட்டேன். கையைக் கழுவச் சொல்லித்தான் போகவிட்டேன்.

கவிதா: மீட்டிங் முடிந்தது. பெரியப்பா, ஸ்கூல் சட்டையில் மஞ்சளைக் கொட்டிவிட்டான், அத்தை சோப்பு போட்டதும் கறை சிவந்துவிட்டது. அவனுக்கு ஒரே கொண்டாட்டம். நாளைக்கு மாற்றுச் சட்டை போட்டு அனுப்புகிறேன், இந்தக் கறை போகுமா?

பாளை பெரியப்பா: நன்றாக அலசி வெயிலில் போடு. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமினை வெயில் சிதைத்துவிடும், கறை வெளிறிப் போகும். காயப்போடும்போது சட்டையின் கறையில் பாதியை ஒரு துணியால் மூடி வைக்கச் சொல் கதிரை. சாயங்காலம் வந்து எடுத்துப் பார்க்கட்டும், அப்புறம் எனக்கு போன்.

வியாழன், மாலை 4.40

கவிதா: இன்றைக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில் இருந்தது, மத்தியானத்திலிருந்து மழை, கீழேயும் தண்ணீர். சட்டையில் மூடாத பாதி வெளிறியிருக்கிறது, மூடிய பாதி அப்படியே, அதைப் பார்த்துக் குதித்தான், பெரியப்பாவிடம் பேசினான், எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுபடி "போர் அடிக்குது" ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று நான் எங்கே போய்க் கண்டுபிடிப்பேன்?

அண்ணா நகர் சித்தி: கண்டுபிடிக்காதே. நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். போர் அடித்தால் அடிக்கட்டும், விட்டுவிடு. சிணுங்குவான், தரையில் உருளுவான், ஜன்னலில் மழையைப் பார்ப்பான், அப்புறம் தானாக ஏதாவது எடுப்பான். காலி அட்டைப் பெட்டி, நூல், பசை, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு மூலையில் போட்டு வை. ஆனால் எடுத்து விளையாடு என்று சொல்லாதே, சொன்னால் தொடமாட்டான்.

கோவை அக்கா: சித்தி, எல்லாப் பிள்ளைக்கும் அது சரிவராது. சில பிள்ளைகள் போர் அடிக்கிறது என்று சொல்வது "கொஞ்ச நேரம் என்கூட இரு" என்பதற்குத்தான். காலை எட்டு மணிக்குப் பிரிந்த அம்மாவை அவன் நாலு மணிக்குப் பார்க்கிறான், பார்த்தால் அம்மா காதில் ஹெட்போன். கவி, உன்னைக் குறை சொல்லவில்லை, வேலை அப்படி. ஆனால் அவன் வருகிற நேரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் லேப்டாப்பை மூடிவிட்டு, அந்தச் சுண்டலை அவனோடு நீயும் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று பார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தாங்குவான்.

கவிதா: முடியும் அக்கா. நாலு மணிக்கு ஒரு இடைவேளை போட்டுக்கொள்கிறேன், டீமில் எல்லோரும் டீ குடிக்கப் போகிற நேரம்தான்.

பெங்களூரு தம்பி: அக்கா, நான் கோடிங் பேச்சை விடுகிறேன். அவனுக்கும் எனக்கும் ஒரு செஸ் ஆட்டம் வைக்கலாமா? ஆப் வேண்டாம். அவனிடம் ஒரு பலகை, என்னிடம் ஒரு பலகை, போனில் குரல் மட்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று நான்கு நகர்த்தல், பலகையை அப்படியே விட்டு வைக்க வேண்டும். குகேஷ் செஸ் ஆட ஆரம்பித்தது ஏழு வயதில். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 18. கதிரை சாம்பியன் ஆக்கச் சொல்லவில்லை, அடுத்த நாள் வரைக்கும் ஒரு காயை மனதில் வைத்துக்கொண்டு திரிவதே அவனுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நான் ஆபீஸிலிருந்து வந்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

கவிதா: நீ தினமும் மறக்காமல் கூப்பிடுவாய் என்றால் சரி. ஒரு நாள் விட்டாலும் ஏமாந்து போவான்.

பெங்களூரு தம்பி: அலாரம் வைத்துவிட்டேன்.

வியாழன், மாலை 6.20

அப்பத்தா: இங்கே ஆடு புலி ஆட்டம் நடக்கிறது. ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். உச்சியில் ஒரு முனை, குறுக்குக் கோடு மூன்றிலும் ஆறு ஆறாகப் பதினெட்டு, அடியில் நாலு, மொத்தம் 23 முனை. எனக்கு முழங்கால் மடங்காது, ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டு கைத்தடியால் காட்டுகிறேன், அவன் காயை நகர்த்துகிறான். மூன்று கூழாங்கல் புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. முதல் ஆட்டத்தில் அவன்தான் புலி, ஆட்டை வெட்டிக்கொண்டே வந்து சத்தம் போட்டு ஜெயித்தான். இரண்டாவதில் ஆட்டை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

கோவை அக்கா: அம்மா, எனக்கு விதி மறந்துவிட்டது, என் சின்னவனுக்கும் சொல்ல வேண்டும், எழுதுங்களேன்.

அப்பத்தா: ஆட்டை ஒரு முறைக்கு ஒன்றாகத்தான் இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கிய பிறகுதான் ஆடு நகரலாம். புலி முதலிலிருந்தே நகரும். பக்கத்தில் உள்ள ஆட்டைத் தாண்டி, நேர் கோட்டில் அதற்கு அடுத்த முனை காலியாக இருந்தால் குதித்து வெட்டும். காலியாக இல்லாவிட்டால் வெட்ட முடியாது. அதனால் ஆட்டுக்குப் பின்னால் ஆடு நிற்க வேண்டும். மூன்று புலிக்கும் நகர வழியில்லாமல் செய்துவிட்டால் ஆடு ஜெயித்தது. கதிர் அவசரப்பட்டு நடுவில் இறக்கிக்கொண்டே இருந்தான், வரிசையாகப் போனது. அப்புறம் என்ன நினைத்தானோ, கையில் புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கட்டத்தையே பார்த்தான். அடிக்கோட்டு முனையில் ஒன்றை வைத்தான், அதற்கு முன்னால் ஒன்று. என் புலி ஒன்று அடைபட்டுவிட்டது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, நிஜமாகவே அடைத்துவிட்டான்.

அண்ணா நகர் சித்தி: போன் கேட்டானா?

அப்பத்தா: இன்னும் கேட்கவில்லை.

கவிதா: கேட்டாலும், ஆறரைக்கு என் வேலை முடிந்ததும் அரை மணி நேரம், ஹாலில் எல்லோர் முன்னாலும், என்று இன்று காலையே அவனிடம் பேசி வைத்துவிட்டேன். ஒரேயடியாக இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரிந்ததால் நாலு மணிக்கு அழவில்லை.

கோவை அக்கா: அது சரியான ஏற்பாடு. வீடியோ பாதியில் பிடுங்காதே, அது முடிந்ததும் வாங்கு.

வெள்ளி, மாலை 6.50

கவிதா: இன்றைக்கு எதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். தீப்பெட்டியில் நூல் கட்டி, ஹாலுக்கும் படிக்கட்டுக்கும் போன் பேசுகிறார்கள். நூல் தளர்ந்தால் கேட்கவில்லை, இழுத்துப் பிடித்தால் கேட்கிறது என்று கதிர் அவர்களுக்குப் பாடம் எடுக்கிறான். சித்தி, நீங்கள் சொன்ன மூலைதான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை இட்லி மாவையும் இரண்டு கண்ணாடி பாட்டிலில் பாதிப் பாதி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மாவு நிற்கிற அளவுக்கு ரப்பர் பேண்ட் மாட்டி, ஒன்றை பிரிட்ஜில், ஒன்றை மேடையில் வைத்திருக்கிறான், காலையில் எது எவ்வளவு ஏறியிருக்கும் என்று மூன்று பிள்ளைகளும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பாளை பெரியப்பா: பிரிட்ஜில் உள்ளது ஏறாமல் இருந்தால் ஏன் என்று கேள். உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள்தான் மாவைப் புளிக்க வைத்து வாயு விடுகின்றன, குளிரில் அவை சோம்பிவிடும். ஆனால் இதை நீ சொல்லாதே. பாட்டில் மூடியை இறுக்கித் திருகவும் வேண்டாம், வாயு சேர்ந்தால் வெடிக்கும், தட்டு போட்டு மூடினால் போதும்.

அண்ணா நகர் சித்தி: கவிதா, நாளைக்கு சனிக்கிழமைதானே, நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நான் கதிரைக் கூட்டிப் போகிறேன். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து என் பேத்தியோடு போகிறேன், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, தரையில் உட்கார்ந்து படிக்கலாம். எதிர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மா சம்மதித்தால் கூட்டி வருகிறேன். பத்து மணிக்கு ரெடியாக இருக்கச் சொல். நீ அந்த நேரம் தூங்கு.

கவிதா: சித்தி, இதைவிட எனக்கு என்ன வேண்டும்! சொல்லிவிட்டேன், பை எடுத்து வைத்துவிட்டான். பெரியப்பா, அவன் பக்கத்தில்தான் நிற்கிறான், கேட்கச் சொல்கிறான். கீழே செடியிலிருந்து சிவப்புச் செம்பருத்தி பறித்து வைத்திருக்கிறான், மஞ்சளுக்குப் பதில் பூவில் செய்தால் என்ன நிறம் வரும் என்று. இதழைப் பச்சைத் தண்ணீரில் போடுவதா, வெந்நீரிலா?

பாளை பெரியப்பா: வெந்நீரில். அப்பத்தாவை ஊற்றச் சொல், அவன் ஊற்ற வேண்டாம். சாயம் இறங்கி ஆறியதும் இரண்டு டம்ளரில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் சோப்புத் தண்ணீர். என்ன நிறம் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மணிக்கு உன் தம்பி செஸ்ஸுக்குக் கூப்பிடுவான், அதற்கு முன்னாலேயே எனக்குக் கூப்பிடச் சொல்.